மதகுக்குப் பெண் கொடுத்த வீடு

தம்பி, எப்படிப்பா இருக்கிறாய்? போனில் பேசும்போது இருமிக்கொண்டே இருந்தாயே, இப்போது விட்டதா? புதுச்சேரி மெஸ்ஸில் எல்லாவற்றிலும் எண்ணெய் மிதக்கிறது என்று உன் அம்மா புலம்புகிறாள். கொஞ்சம் மிளகு ரசம் வைத்துத் தரும்படி அந்த மெஸ்காரம்மாவிடம் கேட்டுப் பார். கேட்டால் கொடுப்பார்கள். கேட்காமலே இருந்துவிடுவது சின்ன வயதிலிருந்தே உன் குணம். இங்கே எல்லாரும் சுகம். பசு சினையாக இருக்கிறது. வடக்கு வயலில் கதிர் சாய்ந்துவிட்டதால் மெஷின் விட முடியவில்லை, ஆள் வைத்து அறுத்து, கதிரை வயலிலேயே அரி அரியாகப் பரப்பிப் போட்டிருக்கிறேன். காய்ந்தால் நாளைக்குக் களத்துக்கு ஏற்றிவிடலாம். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது நம் ஹாஜா பாய். கையெழுத்துப் போடக் கற்றதோடு என் படிப்பு முடிந்தது என்று உனக்குத் தெரியும். அவர் வளைகுடாவுக்குச் சபர் போய் வருஷக்கணக்கில் இருந்துவிட்டு வந்து செல்போன் கடை வைத்திருப்பவர், நாலு எழுத்து தெரிந்தவர். நான் கொச்சையாகச் சொல்வதை நேராக்கி எழுதிவிடுவார். உட்கார்ந்ததுமே கேட்டார், "அண்ணே, வையிறத அப்படியே எழுதவா, கொறச்சு எழுதவா?" குறைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை உங்கள் பொதுப்பணித்துறை ஆபீஸில் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடப் போவதாகச் சொன்னாய். 'மேலதிகாரிகளின் அனுமதி இல்லாமல் மதகு அளவைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட்டது என் தவறு, இனி செய்ய மாட்டேன்' என்று அவர்களே அடித்து வைத்திருக்கிறார்கள், கீழே உன் பெயரைப் போட்டால் போதும் என்றாய். போட்டால் வேலை நிரந்தரமாகும், போடாவிட்டால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்றும் சொன்னாய். நான் பதில் பேசவில்லை. கோபம் வந்தால் எனக்கு வாய் அடைத்துக்கொள்ளும். "லைன்ல இருக்கீங்களாப்பா?" என்று நீ கேட்டாய். இருந்தேன். பேச்சுதான் வரவில்லை. இப்போது வந்துவிட்டது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். ஹாஜா பாய்க்கும் அவசரமில்லை, கடையில் அவர் மச்சான் உட்கார்ந்திருக்கிறார்.

உன் கமலா அத்தையை ஏன் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு ஊரில் கொடுத்தோம் என்று உனக்குத் தெரியுமா? மாப்பிள்ளை நல்லவர் என்பதால் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். நல்லவர்தான். ஆனால் அது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு உன் தாத்தா அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "ஒங்க வூட்லேருந்து பாத்தா மதகு தெரியுமா தம்பி?" என்பது. என்ன வேலை, எவ்வளவு நிலம் என்று கேட்பார்கள் என்று தயாராகி வந்த மனுஷர் திகைத்துப் போனார். "கொல்லைல நின்னா தெரியும் மாமா" என்றார். அவ்வளவுதான், அன்றைக்கே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள்.

ஏன் அந்தக் கேள்வி என்றால், நம் வாய்க்காலுக்கு வருகிற தண்ணீர் அந்த மதகைத் தாண்டித்தான் வர வேண்டும். மதகு தமிழ்நாட்டு சர்க்காருடையது, நம் வயல் புதுச்சேரி சர்க்காருடையது. எப்போது ஷட்டரைத் தூக்குவார்கள், எவ்வளவு தூக்குவார்கள் என்று நமக்கு யாரும் சொன்னதில்லை. நாற்று விட்டுக் காத்திருக்கும்போது தண்ணீர் வராது. கதிரை அறுத்துப் போட்டிருக்கும்போது வந்து நிற்கும். வாய்க்காலின் கடைசியில் இருக்கிறவனுக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் தண்ணீர் வரும் சேதி. சேதி கிடைத்தால் வரப்பைக் கட்டலாம், வடிகாலை வெட்டலாம், அரியை மேட்டுக்குத் தூக்கலாம். அதற்காகத்தான் நம் சுற்றுவட்டாரத்தில் கொஞ்சம் விவரமானவர்கள் மேல்மதகு ஊர்களாகப் பார்த்துப் பெண் கொடுத்தார்கள். ஊரிலே யாரும் இதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஜாதகம் பொருந்தியது என்பார்கள்.

போன் வராத காலத்தில் அத்தை பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்புவாள். அந்தக் கண்டக்டர் ஒரு குண்டு மனுஷர், வெற்றிலை போட்ட வாயோடு படியில் தொங்கிக்கொண்டு, பஸ்ஸை நிறுத்தாமலே, "ஒங்க தங்கச்சி மதகு தெறந்தாச்சுன்னு சொல்லச் சொன்னுச்சு" என்று கத்திக்கொண்டே போவார். நமக்குப் பாதி சேதியும் பாதி வெற்றிலைச் சாறும் கிடைக்கும். ஆனால் அங்கே அத்தைக்கு என்ன கிடைத்தது தெரியுமா? "எங்க வூட்டுச் சோத்தத் தின்னுட்டு அவ அப்பன் வூட்டு ஆத்தக் காவ காக்குறா" என்று அவள் மாமியார் தெருவில் நின்று பேசினார்களாம். ஒரு பொங்கலுக்கு வந்திருந்தபோது அவளே சொல்லிச் சிரித்தாள். "என்னைய மாப்பிள்ளைக்கா கட்டிக் குடுத்தீங்க? மதகுக்குல்ல கட்டிக் குடுத்தீங்க" என்றாள். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை தம்பி, பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு ஷட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுக்க வேண்டிய நாடு இது.

இன்னொன்றும் இருக்கிறது. சேதி நம் வீட்டுக்கு வந்ததும் உன் தாத்தா அதை எல்லாரிடமும் சொல்லிவிடுவார் என்று நினைக்காதே. வேண்டியவர்களுக்குச் சொல்வார். வேண்டாதவர்கள் வந்து கேட்டால், "எனக்கென்னப்பா தெரியும், நான் என்ன என்ஜினியரா?" என்று பல் குத்திக்கொண்டு இருந்துவிடுவார். எதிர் வீட்டுக் கலியமூர்த்தியோடு வேலித் தகராறு இருந்த வருஷம், அவர் அறுத்துப் போட்ட நெல் முழுக்கத் தண்ணீரில் கிடந்து முளைத்துப் போகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. ஆபீஸில் உட்கார்ந்திருப்பவனைத் திட்டுகிறோம். ஒரு சேதியை ஒரு வீட்டுக்குள் பூட்டினால் அந்த வீடும் ஆபீஸ் ஆகிவிடுகிறது. அதே நாற்காலி, அதே பல்குச்சி.

இப்படி இருந்த ஊரில்தான் நீ ஒரு காரியம் செய்தாய். அந்த மதகின் அளவு தினமும் உங்கள் ஆபீஸுக்கு வருகிறது, வந்து கம்ப்யூட்டருக்குள் தூங்குகிறது என்று கண்டுபிடித்தாய். அதை எடுத்து, யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கிற மாதிரி ஒரு இணையப் பக்கம் செய்து போட்டாய். நீ செய்தது அவ்வளவுதான். அதற்கு அப்புறம் நடந்ததை நீ புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு முழுதாகப் பார்த்திருக்க மாட்டாய். நான் பார்த்தேன்.

அறுப்பு மெஷின் ஏற்பாடு செய்கிற வேலு இருக்கிறானே, அவன்தான் முதலில் பிடித்துக்கொண்டான். ஈர வயலுக்குப் பெல்ட் வண்டி வேண்டும், காய்ந்த வயலுக்கு டயர் வண்டி போதும். முன்பெல்லாம் வண்டி வந்து சேற்றில் நின்ற பிறகுதான் இது தப்பான வண்டி என்று தெரியும். உன் பக்கத்தைப் பார்த்துவிட்டு, நாளைக்கு எந்தப் பக்கம் ஈரம் இருக்கும் என்று கணக்குப் போட்டு வண்டி அனுப்ப ஆரம்பித்தான். பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் அவனுக்கு போன் போட்டார்கள். அப்புறம் மண்டபத்தூர் அஞ்சலை. ஆற்று வாயில் கையால் தடவி இறால் பிடித்து நம் தெருவில் கூடையில் கொண்டுவந்து விற்கும் அந்த அக்காதான். மேலே மதகைத் திறந்தால் நல்ல தண்ணீர் இறங்கி இறாலைக் கீழே தள்ளிக்கொண்டு வருமாம். இது எனக்கு இத்தனை வயசுக்குத் தெரியாது. மதகு நெல்லுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அவள் ஹாஜா பாய் கடையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "பாயி, எனக்குப் படிக்கத் தெரியாது. அந்த மதகுச் சேதிய வாயால சொல்ற மாரி பண்ண முடியாதா?" என்று கேட்டாள். இவர் யோசித்து, தினமும் காலையில் பஜ்ர் தொழுகை முடித்துவிட்டு வந்து, 'இன்னைக்கு மதகு அரை ஷட்டர், தண்ணி நாளை மத்தியானம் நம்ம பக்கம் வரும், இன்ஷா அல்லாஹ்' என்று தன் குரலில் பேசி எல்லாருக்கும் அனுப்பினார். கேட்டுக் கேட்டு, மாடு மேய்க்கிறவர்கள்கூட இன்ஷா அல்லாஹ் என்று முடித்தார்கள். இதை எழுதும்போது பாய் சிரிக்கிறார்.

நீ ஒருத்தன் உட்கார்ந்து யோசித்திருந்தால் டயர் வண்டி உன் மூளைக்கு வந்திருக்குமா? இறால் வந்திருக்குமா? வராது. எனக்கும் வராது. உன் பெரிய அதிகாரிக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. சேதியைத் தெருவில் வைத்தோம், அவரவர் தேவைக்கு அவரவர் புத்தியைக் கொண்டுவந்து அதில் சேர்த்தார்கள். கலியமூர்த்தியும் பார்த்தார். தாத்தா இருந்திருந்தால் வயிறு எரிந்திருக்கும்.

ஒருநாள் அளவு தப்பாக வந்தது, நான் மறைக்கவில்லை. ஆபீஸுக்கு வந்ததே தப்பு, நீ வந்ததைப் போட்டாய். வேலு டயர் வண்டி அனுப்பினான், அது வயலில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. வண்டிக்காரன் உங்கள் ஆபீஸில் புகார் கொடுத்தான். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் அன்றைக்கு வேறொன்றும் நடந்ததே, அதை யாராவது உன்னிடம் கேட்டார்களா? கமலா அத்தை கொல்லையில் நின்று மதகுச் சுவரைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். "அண்ணே, சொவத்துல பெயின்ட்டால போட்ருக்க கோடு பாதி அழிஞ்சு கெடக்கு. லஸ்கரு குத்துமதிப்பா பாத்து எழுதுறான். மேக்கோட்டப் பாக்குறதா கீக்கோட்டப் பாக்குறதான்னு அவனுக்கே தெரியல" என்றாள். மதகுக்காவல் பார்க்கும் அந்த லஸ்கரும் பாவம், பெயின்ட் கேட்டு அலுத்துப் போனவன். எத்தனையோ வருஷமாக அந்தத் தப்பான அளவு இரண்டு சர்க்காருக்கும் போய்க்கொண்டு இருந்திருக்கிறது. உள்ளே பூட்டியிருந்தவரை அது தப்பு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வெளியே வந்த பிறகுதான் பிடிபட்டது. பிடித்தவளுக்கு நன்றி சொன்னார்களா? பக்கத்தை மூடினார்கள்.

சட்டப்படி கேட்டுப் பார்ப்போம் என்று ஹாஜா பாய் தகவல் கேட்டு மனுவும் போட்டார். பதில் வந்தது, வரவில்லை என்று சொல்லக்கூடாது. போன போகத்து அறுவடை முடிந்து வைக்கோல் போர் போட்ட பிறகு வந்தது.

இப்போது கேள், எனக்கு ஏன் தாங்கவில்லை என்று. உன் பக்கத்தை மூடின சூட்டோடு டவுனில் ஒரு கூட்டம் போட்டார்கள். பொதுமக்கள் அவசியம் வர வேண்டும் என்று ஆட்டோவில் மைக் வைத்துக் கூப்பிட்டார்கள். நானும் பாயும் அஞ்சலையும் போனோம். தலத்தெரு தாண்டும்போதே அஞ்சலை, "பிரியாணி போடுவாங்களா?" என்று கேட்டாள். பிஸ்கட்தான் கொடுத்தார்கள், நமுத்த பிஸ்கட். மேடையில் 'உங்கள் யோசனை, நமது புதுமை' என்று பெரிய பேனர். அதற்குக் கீழே கண்ணாடி வைத்த ஒரு பெட்டி. நம் யோசனைகளை எழுதி அதில் போட வேண்டுமாம். பெட்டிக்கு ஒரு பூட்டு, கோயில் உண்டியல் பூட்டு அளவுக்கு. ஒரு அதிகாரி பேசினார். "ஜனங்கள்ட்டேருந்து புதுசு புதுசா யோசனை வரணும். நீங்க யோசிக்கவே மாட்டேங்கிறீங்க. அதனாலதான் நம்ம ஊரு இப்படியே இருக்கு" என்றார்.

எனக்கு அங்கே வாய் அடைக்கவில்லை. எழுந்து நின்றேன். "ஐயா, இன்னைக்கு மதகு எவ்வளவு தெறந்திருக்குங்க?" என்று கேட்டேன்.

"அது டிபார்ட்மென்ட் விஷயம் பெரியவரே. நீங்க ஒங்க யோசனைய எழுதிப் பெட்டில போடுங்க."

"அது தெரிஞ்சாத்தானங்க எங்களுக்கு யோசன வரும்?"

"அதெல்லாம் சொன்னா ஜனங்க பயந்துடுவாங்க. மதகாண்ட போயி கூட்டம் கூடுவாங்க. நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா யாரு பதில் சொல்றது?"

அஞ்சலை உட்கார்ந்தபடியே, "நாங்க கடலுக்கே பயப்படல, மதகுக்கா சார் பயப்படப் போறோம்?" என்றாள். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே, "நீங்க மீன் விக்கிறவங்கதானம்மா, ஒங்களுக்கு எதுக்கு மதகு?" என்றார். "அதச் சொல்லத்தான சார் வந்தோம்" என்று அவள் ஆரம்பிப்பதற்குள் அடுத்தவர் மைக்கை வாங்கிவிட்டார். பாய் ஒரு சீட்டில் 'மதகு அளவைச் சொல்லுங்கள்' என்று எழுதிப் பெட்டியில் போட்டார். பெட்டியை எப்போது திறப்பீர்கள் என்று வாசலில் நின்றவரிடம் கேட்டோம். சாவி சார் காரில் இருக்கிறது, சார் கிளம்பிவிட்டார் என்றார்.

பார்த்தாயா தம்பி? தங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லமாட்டார்களாம், தெரியாத நாம் வந்து யோசனை சொல்ல வேண்டுமாம். சொல்லாவிட்டால் நாம் மந்த புத்திக்காரர்களாம். நம் புத்தியைப் பட்டினி போட்டுவிட்டு, ஏன் ஓடமாட்டேன் என்கிறாய் என்று கேட்கிறார்கள். பேனர் கட்டினால் புதுமை வந்துவிடுமா? புதுமை ஹாஜா பாய் கடையில் இறால் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. இவர்கள்தான் அதைத் துரத்தினார்கள். துரத்திய கையோடு அதைத் தேடிக் கூட்டம் போடுகிறார்கள்.

நான் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், ஆனாலும் சொல்கிறேன். உன் பக்கம் மூடின பிறகு ஊரில் பழைய பேச்சு கிளம்பிவிட்டது. கலியமூர்த்தியே வந்தார். "மேல்மதகு லஸ்கரு வூட்ல ஒரு பையன் இருக்கானாம். நம்ம மலருக்குப் பொருத்தமா இருக்கும். ஊருக்கும் ஒரு ஒத்தாசையா போவும்" என்றார். உன் தங்கை உள்ளே அரிசி புடைத்துக்கொண்டு இருந்தாள். முறத்தைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. கமலா அத்தைக்கு யார் சொன்னார்களோ தெரியாது, அன்றைக்கே போன் வந்தது. அவள் கண் ஆபரேஷனுக்காகத் தஞ்சாவூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். "அண்ணே, கண்ணுல கட்டு போட்டுருக்காங்க. கொஞ்ச நாளைக்கு மதகப் பாக்க ஆளில்ல, நீங்களே பாத்துக்கங்க" என்றாள். அப்புறம் குரல் மாறியது. "மலர அங்க குடுத்தீங்கன்னா நான் ஒங்க வாசப்படி மிதிக்க மாட்டேன். ஒரு வூட்டுக்கு ஒருத்தி போதும்." வைத்துவிட்டாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவள் சிரித்ததையெல்லாம் சிரிப்பு என்று நாங்கள் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அதனால்தான் இந்தக் கடிதம். வேலையை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. வேலை எவ்வளவு கஷ்டப்பட்டுக் கிடைத்தது என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்கு அந்த நிரந்தரம் என்ற வார்த்தைமேல் எவ்வளவு ஆசை என்றும் தெரியும். அனுமதி கேட்காமல் செய்தேன் என்று எழுதச் சொன்னால் எழுது, அது உண்மை. ஆனால் 'என் தவறு, இனி செய்யமாட்டேன்' என்கிற வரிக்குக் கீழே உன் பெயரை வைக்காதே. அது உண்மை இல்லை. அந்த வரியை அடித்துவிட்டு, இப்போது அனுமதி கேட்கிறேன் என்று உன் கையால் எழுது. கேட்காமல் இருப்பது உன் குணம் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன், அதை இந்த ஒரு இடத்தில் விட்டுவிடு. தப்பு வந்தால் யார் பதில் சொல்வது என்று அவர்கள் கேட்பார்கள். நாங்கள் சொல்கிறோம் என்று சொல். வேலு, அஞ்சலை, பாய், கலியமூர்த்தி, எல்லாரும் பெயர் போட்டுத் தருகிறோம். சேற்றில் இறங்கிய வண்டிக்காரனும் தருவான், நான் பேசிவிட்டேன். அவனுக்கும் இப்போது எந்த வயல் ஈரம் என்று தெரியாமல் வண்டி சும்மா நிற்கிறது. இதையெல்லாம் சொல்லியும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்றால் வா. நம் வீட்டில் சோறு இருக்கிறது. வடக்கு வயலில் அரி காய்ந்துகொண்டு இருக்கிறது, இந்த வருஷம் விளைச்சல் மோசமில்லை. நேற்றிலிருந்து மேற்கே மேகமாக இருக்கிறது, அங்கே மழை பெய்திருக்கலாம், ஆனால் மதகைப் பற்றி யாரும் ஒன்றும்...

இரு தம்பி, வெளியே யாரோ கத்துகிறார்கள். பாய், எழுதிக்கொண்டே இருங்கள், நான் யார் என்று பார்க்கிறேன். வேலுதான் ரோட்டிலிருந்து வண்டியை நிறுத்தாமல் கத்திக்கொண்டு வருகிறான். "மாமா, வடக்கு வயல்ல தண்ணி ஏறிருச்சு. அரியெல்லாம் மெதக்குது. முழுசாத் தெறந்துட்டாங்க போலருக்கு, ஆளக் கூட்டிக்கிட்டு வாங்க" என்கிறான். எனக்கு யாரும் சொல்லவில்லை தம்பி. பாய், நீங்களும் வாங்க, மலர், அந்தத் தார்ப்பாயை எடும்மா, இதை அப்படியே அனுப்பிவிடலாம், தம்பி, திங்கட்கிழமை நீ அந்தப் பேனாவைக் கையில் எடுக்கும்போது...